ஒன்பதாவது பேர்

வீரம்மாளின் வாயிலிருந்து ‘வேலை’ என்ற சொல் வந்து பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்தில் அவளுக்குச் சோலி இருக்கும், வேலை இருக்காது. தோட்டத்தைச் சுற்றி முள்ளடைப்பு இருக்கும், வேலி இருக்காது. பக்கத்து வீட்டுத் தொட்டிலில் கிடப்பது பச்சப்புள்ள. குழந்தை என்று மறந்தும் சொல்லமாட்டாள். கோயில் வாசலில் நின்று ‘முருகா’ என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடுவாள். ஆனால் பூம்பாறையில் அந்த முருகனுக்கு ஊரே வைத்துக் கூப்பிடும் பெயர் குழந்தை வேலப்பர். அதை மட்டும் விழுங்கிவிடுவாள்.

காரணம் சின்னதுதான். அவள் புருஷன் பெயர் குழந்தைவேலு.

பூம்பாறையில் இதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. கொடைக்கானல் மேல்மலையில் எல்லாருமே சோலி என்றுதான் பேசுவார்கள். போதாததற்கு, ஒவ்வொரு பெண்ணுக்கும் இப்படி ஒரு விலக்கு உண்டு. பால்சாமியின் பெண்டாட்டி பாலை ‘வெள்ளை’ என்பாள். புதிதாக வந்தவர்கள் சுண்ணாம்பைத்தான் கேட்கிறாளோ என்று குழம்புவார்கள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது கணக்கு. புருஷன்மார் யாரும் பெண்டாட்டி பெயரைச் சொல்ல யோசித்ததில்லை. பெண்களின் ஆயுசு தேக்குக் கட்டை போலிருக்கிறது.

குழந்தைவேலு இரண்டாவது சண்டை நடந்த நாற்பத்திரண்டாம் வருஷத்தில் போனான். பட்டாளத்துக்கு இல்லை, பட்டாளத்துக்கு ரோடு போடும் கூலிப்படைக்கு. வத்தலக்குண்டில் ஒரு மேஸ்திரி ஆள் திரட்டினான், இவனும் போய்ச் சேர்ந்துகொண்டான். துப்பாக்கியைத் தொட்டதில்லை, மண்வெட்டிதான். மணிப்பூர்ப் பக்கம் மலையை வெட்டிப் பாதை போடும்போது மண் சரிந்து மூடிவிட்டதாக நாற்பத்து நாலில் அந்த மேஸ்திரியே வந்து சொன்னான். கையில் ஒரு கம்பளியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனான். கூலிப்படை என்பதால் பென்ஷனும் இல்லை, தாளும் இல்லை, தந்தியும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் தாலியை இறக்கச் சொன்னார்கள். “ஆளைக் காட்டுங்க, எறக்குறேன்” என்றாள் வீரம்மாள். ஆளை யாரால் காட்ட முடியும்? தாலி அப்படியே கழுத்தில் கிடந்தது. ஊர் இரண்டு வருஷம் முணுமுணுத்துவிட்டு, பூண்டு விலை பேசப் போய்விட்டது.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே, சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. அதன் நடுவில் ஆளுயரக் கருங்கல் தூண். முதல் சண்டையில் செத்த ஏழு வெள்ளைக்காரர்களின் பெயர்கள் அதில் இருந்தன. இரண்டாவது சண்டை முடிந்ததும், இந்த மலையிலிருந்து போன நம் ஆட்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அங்கிருந்த துரைமார் கமிட்டிக்குத் தோன்றியது. தூணின் காலடியில் ஒரு பலகைக் கல் வைத்து ஒன்பது பேரின் பெயர்களை வெட்டினார்கள். காலடியில்தான். மேலே இடம் நிறைய இருந்தது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

அந்த ஒன்பது பெயர்களைத் திரட்டியவர் சேனாதிபதி. பெயர்தான் சேனாதிபதி, சண்டையை அவர் பார்த்ததெல்லாம் பேப்பரில். பழனிக்காரர், கோயில் ஊழியக் குடும்பம். கொடைக்கானலில் கமிட்டிக்குக் குமாஸ்தாவாக வந்தவர். நாற்பத்தாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மேஜை போட்டு உட்கார்ந்து, ஆள் பறிகொடுத்த குடும்பங்களை வரிசையில் நிற்கவைத்து எழுதினார். வீரம்மாளின் முறை வந்தது. புருஷன் பேர் என்ன என்று கேட்டார். வீரம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கும் வழக்கம் தெரியும். சிரித்துக்கொண்டே, சரி, குறிப்பாவது சொல்லு என்றார்.

“மலமேல இருக்காரே முருகரு, அவரு பேருங்க.”

சேனாதிபதி தலையை ஆட்டினார், எழுதினார், அவள் கைநாட்டை வாங்கிக்கொண்டார். கல் வெட்டி வைத்த பிறகு அவளைக் கூட்டிப்போய்க் கடைசி வரியைக் காட்டினார். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. வீரம்மாளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. அந்தப் பள்ளங்களில் விரலை ஓட்டிப் பார்த்தாள். உலகத்தில் அவள் புருஷன் பெயர் எழுதியிருக்கும் ஒரே இடம் அது. அதன் பிறகு பன்னிரண்டு வருஷம், பூண்டு மூட்டையோடு சந்தைக்கு வரும்போதெல்லாம் அந்தக் கடைசி வரியில் ஒரு கை செவ்வந்திப் பூ வைத்துவிட்டுத்தான் ஊர் திரும்புவாள்.

ஐம்பத்தேழு மழையில் ஒரு தைலமரம் விழுந்து பலகைக் கல் இரண்டாகப் பிளந்தது. மறு வருஷம் ஐப்பசியில் வீரம்மாள் பூவோடு போனபோது, தூணுக்குப் பக்கத்தில் படுதாவைக் கட்டிக்கொண்டு அழகுமலை என்ற கல்தச்சர் புதுக்கல்லில் உளி பிடித்திருந்தார். பழைய கல்லின் இரண்டு துண்டுகளையும் ஒட்டிவைத்து, பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தார். நவம்பர் பதினொன்றாம் தேதி புதுக்கல்லைத் திறக்கப் பெரிய அதிகாரி வருகிறார் என்றார். பூவை எந்த வரியில் வைக்கிறாள் என்று பார்த்துவிட்டு, பேச்சுவாக்கில் கேட்டார்.

“உங்க ஆளு பேரு பழனிங்களா அக்கா?”

வீரம்மாளுக்குப் புரியவில்லை. எது என்றாள்.

“இந்தா, கடைசியா கெடக்கே, ஒம்பதாவது. எனக்கு இங்கிலீஷு தெரியாது, எழுத்துத் தெரியும். பி, ஏ, எல், ஏ, என், ஐ. பழனி.”

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். இன்னொரு தடவை என்றாள். அவர் உளியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டினார். வீரம்மாள் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு வருஷமாக, இல்லாத ஒருத்தனுக்குப் பூ வைத்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. அப்புறம் அவமானம் போய் ஆத்திரம் வந்தது, அதில் பாதி சேனாதிபதி மேல், பாதி தன் மேல். அன்றைக்குத் தன் வாய் திறந்திருந்தால் இந்தக் கல்லில் இன்றைக்கு அவர் இருப்பார்.

“ஒம்பதாவத இப்ப வெட்டாதீக” என்று மட்டும் அழகுமலையிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

சேனாதிபதி இப்போது கமிட்டிச் செயலாளர். வரும் மார்கழியோடு ஓய்வு. முப்பது வருஷத்தில் ஒரு பட்டியலில்கூடப் பிழை வந்ததில்லை என்பது அவர் அடிக்கடி சொல்லும் பெருமை, திறப்பு விழாவில் அதைச் சொல்லித்தான் அவருக்கு மாலை போடுவதாக ஏற்பாடு. வீரம்மாள் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. புரிந்ததாலேயே குரல் கடுத்தது.

“நீ என்னம்மா சொன்ன? மலைமேல இருக்கற முருகன்னு சொன்ன. மலைமேல இருக்கறது யாரு? எங்க பழனியாண்டவரு. யாரை வேணாக் கேட்டுப் பாரு.”

“அது உங்க மலைங்க. நான் எங்க மலையச் சொன்னேன்.”

சேனாதிபதி கொஞ்சம் இறங்கி வந்தார். இரண்டும் ஒரே சாமிதானே, எந்தப் பெயரில் கும்பிட்டாலும் அவனுக்குத்தானே போய்ச் சேரும், பழனி என்று இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார். குரலில் கோயில் குடும்பத்துக் குழைவு இருந்தது.

“சாமிக்குச் சரிங்க” என்றாள் வீரம்மாள். “சாமி எந்த மலையில வேணாலும் நிப்பாரு. எங்க வீட்டுக்காரரு ஒரே ஆளுங்க.”

பதில் இல்லாத இடத்தில் சட்டம் வரும். ஒன்பது பேரின் பட்டியல் மதராஸுக்குப் போய்ப் பதிவாகிவிட்டது. மாற்ற வேண்டுமானால் தாள் காட்ட வேண்டும். தாள் இல்லையென்றால், கைநாட்டு வைத்தவளே கமிட்டி முன்னால் வந்து பழைய வாக்குமூலத்தைத் திருத்திச் சொல்ல வேண்டும். திறப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கல்லைப் பார்க்க வருகிறது, வந்து சொல்லு என்றார். அவள் சொல்லமாட்டாள் என்று அவருக்கு நிச்சயம். அந்த நிச்சயத்தில் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

வீரம்மாள் அடுத்த ஞாயிறு கொழுந்தனைக் கூட்டிவந்தாள். அவன் பெயர் கந்தவேலு. அதிலும் வேல் வந்து உட்கார்ந்துகொண்டதால் அவளுக்கு அவன் வெறும் ‘கந்தா’. கந்தவேலு சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஐயா, எங்க அண்ணன் பேரு குழந்தைவேலு என்று தெளிவாகச் சொன்னான். சேனாதிபதி அவனை மேலும் கீழும் பார்த்தார். கைநாட்டு உன்னுதா என்று கேட்டார். இல்லை என்றான். அப்படியானால் போ என்றார். அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியில் கந்தவேலு மெதுவாகச் சொன்னான்.

“விடுங்க மதினி. கல்லுல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. நமக்குத் தெரியும்ல.”

“உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். நாம ரெண்டு பேரும் போனப்புறம்?”

கந்தவேலு போட்டு வந்த சட்டையைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

கமிட்டி வரும் ஞாயிறு விடிவதற்கு முன்னமே வீரம்மாள் கிளம்பிவிட்டாள். பூண்டு மூட்டைகள் குதிரை மேல், அவள் குதிரைக்குப் பக்கத்தில். சோலைக்குள் பாதை நுழைந்ததும், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சொல்லிப் பார்த்தாள். ‘கு’ என்று ஆரம்பித்ததும் நாக்கு அதற்கு மேல் நகரவில்லை. பின்பாதியிலிருந்து பிடிக்கலாம் என்று ‘வே’ என்றாள். அது ‘வேணாம்’ என்று முடிந்தது. குதிரை திரும்பிப் பார்த்தது. தன்னைத்தான் அதட்டுகிறாள் என்று நினைத்து அங்கேயே நின்றுகொண்டது.

குதிரையைத் தட்டி நடக்கவிட்டாள். நாக்கு வழக்கத்துக்குப் பயப்படவில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆயுசு குறையும் என்கிறார்கள். ஆயுசு இருந்தால்தானே குறையும்? பெயரைச் சொல்லாமல் இருக்கிறவரைக்கும் எங்கேயோ அவருக்குக் கொஞ்சம் ஆயுசு பாக்கி இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தைத்தான் அவள் பதினாலு வருஷமாக வாய்க்குள் அடைகாத்து வைத்திருந்தாள். சொன்னால் அவர் செத்துப்போவார். சொல்லாவிட்டால் அவர் இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். சைப்ரஸ் மரங்கள் தெரியும்வரை இதையே போட்டு உழப்பிக்கொண்டு நடந்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள்.

சந்தையில் ஊர்க்காரி பிச்சையம்மாளிடம் மூட்டைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மேடேறினாள். கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் சர்ச் முடிந்து குடைகளோடு வந்திருந்தார்கள். சாரல் போட்டுக்கொண்டிருந்தது. தலைவர் ஒரு வயதான வெள்ளைக்காரர், இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், தூணில் மேலேயிருந்து மூன்றாவது பெயர் அவர் அண்ணனுடையது. படுதாவை விலக்கியதும் புதுக்கல் தெரிந்தது. எட்டுப் பெயர்கள் இருந்தன. ஒன்பதாவது வரி வழவழவென்று வெறுமையாக இருந்தது.

சேனாதிபதிக்கு முகம் சிவந்துவிட்டது. ஏன் வெட்டவில்லை என்று அழகுமலையிடம் பாய்ந்தார்.

“தாள்ல தப்பு வந்தா அடிச்சு எழுதலாங்க. கல்லுல வெட்டுனா வெட்டுனதுதான்” என்றார் அழகுமலை. “அந்தம்மா வரட்டும்னு இருந்தேன்.”

எல்லாரும் திரும்பினார்கள். வீரம்மாள் முன்னால் வந்து நின்றாள். நனைந்த சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சேனாதிபதி தலைவரிடம் இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொன்னார். தலைவர் கேட்டுவிட்டு, பாடப்புத்தகத் தமிழில் அவளிடமே நேராகக் கேட்டார். “அம்மா, உங்கள் கணவருடைய பெயர் என்ன?”

வீரம்மாள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

சேனாதிபதி ஒரு சிரிப்புச் சிரித்தார். “சொல்ல மாட்டாங்க சார். அது இவங்க கஸ்டம்.”

கஸ்டம் என்றால் இங்கிலீஷில் வழக்கம் என்று வீரம்மாளுக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? கஷ்டம் என்றுதான் அவள் காதில் விழுந்தது. தன் கஷ்டத்தை ஒருத்தர் சிரித்துக்கொண்டே ஊர் முன்னால் எடுத்து வைக்கிறார் என்றுதான் பட்டது. அதுவரை நாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது எதுவோ, அது அந்தச் சிரிப்பில் விலகிவிட்டது.

“ஒரு கஷ்டமும் இல்லங்க” என்றாள். “குழந்தைவேலு.”

கரகரத்துத்தான் வந்தது. பத்தொன்பது வருஷம் புழங்காத சொல். சேனாதிபதி குனிந்து, என்ன, காதில் விழவில்லையே என்றார்.

“குழந்தைவேலு. பூம்பாறை குழந்தைவேலு.”

இரண்டாவது தடவை தெளிவாக வந்தது. மூன்றாவது தடவை யாரும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். கீழே ஏரிச் சாலையில் விறகுச் சுமையோடு போனவர்கள் நின்று மேலே பார்த்தார்கள். அவ்வளவு சத்தம்.

“பேரச் சொன்னா ஆயுசு கொறையும்பாக. கொறைய அவுகளுக்கு இனி ஒண்ணும் மிச்சமில்லங்க. மணிப்பூர் ரோட்டுல மண்ணு மூடுனப்பவே செத்துட்டாக. நாந்தான் ஒத்துக்கல. இன்னைக்கு ஒத்துக்கறேன். அவுக பேருல செத்தாகன்னு எழுதுங்க. வேற எவன் பேருலயும் எழுதாதீக.”

சேனாதிபதிதான் முதலில் பேசினார், பாவம், அவருக்கும் மாலை கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. நாளை மறுநாள் திறப்பு, பழனி ஆறெழுத்து, இது பன்னிரண்டு எழுத்து, அந்த வரியில் இடம் பற்றாது என்றார்.

“பத்தும்ங்க” என்றார் அழகுமலை. “கொழுந்தனார் வந்துட்டுப் போன அன்னைக்கே அவருகிட்ட பேரக் கேட்டு அளந்து பாத்துட்டேன்.”

சேனாதிபதிக்கு இனி போக்கிடம் இல்லை. கடைசியாக ஒன்று கிடைத்தது, அதையும் விடவில்லை. குரலைத் தாழ்த்தி வீரம்மாளிடம் மட்டும் கேட்டார். “செத்துட்டாருன்னு உன் வாயாலயே சொல்லிட்டே. அப்ப இன்னும் கழுத்துல அது எதுக்கும்மா?”

வீரம்மாள் தாலியை எடுத்து ரவிக்கைக்கு வெளியே, எல்லாரும் பார்க்கும்படி போட்டுக்கொண்டாள்.

“இது அவுக கட்டுனது. உங்க கமிட்டி கட்டுனது இல்ல. நீங்க நோட்ட எடுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. இந்தத் தடவ குறிப்பெல்லாம் இல்ல.”

சேனாதிபதி தலைவரைப் பார்த்தார். தலைவர் தன் குடையை நகர்த்தி, எழுத்து மழையில் கரையாதபடி சேனாதிபதி கையிலிருந்த பழைய பட்டியல் நோட்டுக்கு மேலே பிடித்தார். வேறு வழியில்லாமல் சேனாதிபதி பேனாவைத் திறந்தார். பழனி என்ற பெயரைக் கோடு போட்டு அடித்தார். முப்பது வருஷத்தில் அவர் நோட்டில் விழுந்த முதல் அடித்தல். அதன் மேலே அவள் சொன்னபடி எழுதினார். எழுதியதை வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். இன்னொரு தடவை என்றாள். மறுபடியும் வாசித்துவிட்டு, கைநாட்டுக்கு மை தேடினார். வீரம்மாள் கட்டைவிரலை அழுத்தி, பழைய பெயரின் மேலும் கொஞ்சம் மை படும்படி வைத்தாள்.

கமிட்டி போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். அழகுமலை சுண்ணாம்புக் கட்டியால் கல்லில் கோடு இழுத்தார், எழுத்துகளை வரைந்தார், உளியை வைத்து முதல் தட்டுத் தட்டினார். கல் பொடி பறந்தது. இதுதான் ‘கு’வா என்று கேட்டாள். ஆமாம் என்றார். முதல் எழுத்து முழுக்கப் பள்ளமாகும்வரை பார்த்திருந்துவிட்டு, அதில் விரலை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. மிச்சத்தை அடுத்த வாரம் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

சந்தை பாதி கலைந்துவிட்டிருந்தது. வீரம்மாளின் பூண்டுக் குவியலுக்கும் தன் குவியலுக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் நிறுத்துக் கொடுத்துச் சலித்துப் போயிருந்தாள் பிச்சையம்மாள்.

“வெள்ளனே போனவ, இப்பத்தான் வர்றியா? அப்படி என்னடி சோலி?”

“வேலை இருந்துச்சு” என்றாள் வீரம்மாள்.

பிச்சையம்மாள் தராசைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன பாக்குற? வேலைதான். குழந்தைவேலு வேலை.” வீரம்மாள் சேலையைப் பிழிந்து உதறிவிட்டுத் தன் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். “தள்ளி ஒக்காரு, யேவாரத்தைப் பாக்கணும்.”